ஆற்றுப்படையும் அழைப்பிதழும்: சிங்கப்பூர்த் தேக்காவைப் பயணத்துறை எழுதும் முறை

முன்னுரை

ஓர் ஊருக்குப் புதிதாக வருபவரிடம் அவ்வூரைப் பற்றி எதைச் சொல்வது, யார் சொல்வது, எதன்பொருட்டுச் சொல்வது என்னும் வினாக்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. பத்துப்பாட்டுள் சரிபாதியான ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். எஞ்சியவற்றுள் மதுரைக்காஞ்சி ஒரு தலைநகரையும் பட்டினப்பாலை ஒரு துறைமுகத்தையும் விரித்துரைக்கின்றன. வழிகாட்டுவதையும் ஊரை விளக்குவதையும் இலக்கியமாகவே வளர்த்தெடுத்த மொழி நம்முடையது.

இன்று அப்பணியை உலகெங்கும் அரசு சார்ந்த சுற்றுலா வாரியங்கள் மேற்கொண்டுள்ளன. அவற்றின் சிற்றேடுகளையும் நிலப்படங்களையும் முழக்கத் தொடர்களையும் விழாக்கால அலங்கார வளைவுகளையும் பொருளியலாரும் நகரத் திட்டமிடுவோரும் ஆராய்ந்துள்ளனர். தமிழ்த் திறனாய்வு அவற்றின் பக்கம் பெரிதும் திரும்பியதில்லை. ஆயினும் அவையும் பனுவல்களே. பேசுவோர், கேட்போர், பேசுபொருள், நோக்கம் ஆகிய நான்கும் அவற்றுக்கும் உண்டு.

சிங்கப்பூரில் தமிழர் ‘தேக்கா’ என்றும் பயணத்துறையினர் ‘லிட்டில் இந்தியா’ என்றும் வழங்கும் வட்டாரம், சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் உள்ளடக்கியது. அவ்வட்டாரத்தைச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் வருகையாளருக்கு எடுத்துரைக்கும் முறையை, ஆற்றுப்படை மரபிலிருந்து பெறப்படும் அளவுகோல்களைக் கொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். கழகத்தின் எழுத்து தேக்காவைக் காணத்தக்க இடமாக்கியது. ஆனால் அங்குப் பேசுவோரைக் காட்சிப் பொருளின் பகுதியாக்கிவிட்டது. இது நடையழகு பற்றிய குறை மட்டுமன்று. அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றான தமிழின் பொது இருப்பைத் தொடும் குறை என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

1. ஊரை எழுதும் நிறுவனம்

சிங்கப்பூரில் சுற்றுலா வளர்ச்சிக்கெனத் தனிக் கழகம் 1964 ஜனவரியில் நிறுவப்பட்டது. இன்றைய பெயரை அது 1997இல் பெற்றது. தொடங்கிய ஆண்டிலேயே சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட ‘மெர்லயன்’ உருவத்தைத் தன் சின்னத்திற்கென வரைவித்தது. 1972இல் அச்சின்னம் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் சிலையாக எழுந்தது. எந்தப் பழங்கதையிலும் இல்லாத ஒரு விலங்கு, ஒரே தலைமுறைக்குள் நாட்டின் தொன்மக் குறியீடு போல் ஏற்கப்பட்டுவிட்டது. சுற்றுலா வாரியம் இருப்பதை விவரிக்கும் நிறுவனம் மட்டுமன்று, விவரிப்பதை இருக்கச் செய்யும் நிறுவனமுமாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கழகத்தின் முழக்கத் தொடர்களைத் தமிழில் கருத்துரைத்து வரிசைப்படுத்தினால் ஒரு போக்குப் புலப்படும். தொடக்க காலத்தில் ‘உடனடி ஆசியா’. 1980களில் ‘வியப்பூட்டும் சிங்கப்பூர்’. 1990களில் ‘புதிய ஆசியா’. 2004இல் ‘தனித்துவமாகச் சிங்கப்பூர்’. 2010இல் ‘உங்கள் சிங்கப்பூர்’. முதல் தொடரில் வரும் ‘உடனடி’ என்னும் அடை, வெந்நீர் ஊற்றினால் கரையும் காப்பித்தூளை நினைவூட்டுவது. சீனம், மலாய், இந்தியம் மூன்றையும் ஒரே பிற்பகலில் பருகிவிடலாம் என்பதே அதன் வாக்குறுதி. 2010ஆம் ஆண்டுத் தொடரில் ஊர் வருகையாளருடையதாகவே ஆகிவிடுகிறது. ‘எங்கள் ஊருக்கு வருக’ என்னும் பழைய விருந்தோம்பல் வாக்கியத்தில் ‘எங்கள்’ என்று சொல்லும் ஒருவர் இருந்தார். ‘உங்கள் சிங்கப்பூர்’ என்னும் தொடரில் அவர் இல்லை.

தேக்காவின் இன்றைய தோற்றத்திற்கும் இவ்வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட தொடக்கம் உண்டு. 1983இல் சிங்கப்பூருக்கு வருவோர் எண்ணிக்கை சரிந்தது. காரணம் ஆராய 1984இல் அமைக்கப்பட்ட பணிக்குழு, நவீன நகரத்தை எழுப்பும் முனைப்பில் பழைய கட்டடங்களையும் பாரம்பரியத் தொழில்களையும் அகற்றியதால் ஊர் தன் கீழைத்தேயக் கவர்ச்சியை இழந்துவிட்டது என்று முடிவு கூறியது. 1986இல் நூறு கோடி வெள்ளி மதிப்பிலான திட்டம் அறிவிக்கப்பட்டது. சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகியவை அதில் இடம்பெற்றன. 1989 ஜூலையில் அவை பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன.

இவ்வரிசையை நேர்மையோடு நோக்க வேண்டும். அத்திட்டம் இல்லாதிருந்தால் சிராங்கூன் சாலையின் கடைவீடுகளில் எத்தனை எஞ்சியிருக்கும் என்பது ஐயமே. தமிழர் இன்று ‘நம் தேக்கா’ என்று சுட்டும் சுவர்கள் நிற்பதற்குச் சுற்றுலாக் கணக்கும் ஒரு காரணம். ஆயினும், இடித்தது தவறு என்று உணரப்பட்டது அங்கு வாழ்ந்தோரின் இழப்பை முன்னிட்டன்று. காண வருவோரின் ஏமாற்றத்தை முன்னிட்டு. காப்பாற்றப்பட்ட காரணமே காப்பாற்றப்பட்ட பொருளின் தன்மையை வரையறுத்தது. சுவர்கள் காக்கப்பட்டன, சுவர்களுக்குள் வழங்கிய பெயர்களையும் தொழில்களையும் காப்பது திட்டத்தின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை.

2. பெயர்ப்பலகையில் ஒரு வரி

ஆற்றுப்படையின் முதல் இயல்பு, இடங்களை அவ்விடத்தார் வழங்கும் பெயரால் சுட்டுவது. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் எனப் பெயர் சொல்லியே பாணனைச் செலுத்துகிறது. பெயர் தெரிந்தால்தான் வழியில் எதிர்ப்படுவோரிடம் கேட்க முடியும். பெயர் என்பது முதற்கண் உரையாடலுக்கான கருவி.

‘லிட்டில் இந்தியா’ என்னும் பெயர் 1980களில் சுற்றுலா வளர்ச்சியோடு நிலைபெற்றது. அதற்கு முன்பு அவ்வட்டாரம் சிராங்கூன் சாலை, அன்றேல் தேக்கா. ‘தேக்கா’ தமிழ்ச் சொல் அன்று. ஹொக்கியன் சீனத்தில் மூங்கிலடி என்று பொருள்படும் தொடரின் திரிபு அது. ரோச்சோர்க் கால்வாய் ஓரத்தில் ஒருகாலத்தில் மூங்கில் வளர்ந்திருந்ததால் அப்பெயர் வந்தது என்பர். அதே இடத்துச் சந்தைக்கு மலாயில் ‘கண்டாங் கெர்பாவ்’ என்று பெயர். எருமைத் தொழுவம் என்பது பொருள். கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை ஆகிய தெருப்பெயர்கள் அங்கு நடந்த கால்நடை வணிகத்தை இன்றும் சொல்லி நிற்கின்றன. வீரமாகாளியம்மன் கோயிலை முன்னோர் ‘சுண்ணாம்புக் கம்பம் கோயில்’ என்றனர். சுண்ணாம்புத் தொழில் தமிழாகவும், சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல் ‘கம்பம்’ என்று தமிழ் ஒலிப்புப் பெற்றும் அப்பெயரில் கூடி நிற்கின்றன.

இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஓர் அயலாரையோ ஒரு தொழிலையோ உடன் சுமந்து வருகின்றன. தமிழர் தம் இடத்திற்குத் தம் பெயராகக் கொண்டதே அண்டை வீட்டாரின் சொல் என்பது சிங்கப்பூர் வாழ்வின் இயல்பைக் காட்டும். ‘லிட்டில் இந்தியா’ என்னும் பெயரில் அந்த அயலார் இல்லை. மாடு இல்லை; மூங்கில் இல்லை; சுண்ணாம்பும் இல்லை. தமிழரும் அதில் ஒரு நாட்டின் சிற்றுருவத்திற்குள் கரைந்துவிடுகின்றனர். இப்பகுதியில் மிகுதியாகப் படம் பிடிக்கப்படும் கட்டடங்களுள் ஒன்று கெர்பாவ் சாலையிலுள்ள பல வண்ண மாளிகை. அது 1900இல் எழுந்த சீன வணிகர் டான் தெங் நியாவின் இல்லம். ‘சிறிய இந்தியா’வின் முகமாக உலாவரும் படங்களில் ஒன்று ஒரு சீனர் வீடாக அமைந்திருப்பது, பெயர் மறைத்ததைக் கட்டடம் வெளிப்படுத்துவதாகும்.

இனி, பெருவிரைவு ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையை நோக்குவோம். 2003 ஜூன் 20இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் சீன வரி ‘சிறிய இந்தியா’ என்று பொருள்படும் சீனச் சொற்களைக் கொண்டது. ஆங்கிலப் பெயர் அங்குச் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. தமிழ் வரியோ ‘லிட்டில் இந்தியா’. ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்ததோடு பணி முடிந்துவிட்டது. அடுத்துச் சைனாடவுன் நிலையப் பலகையைக் காண்க. அங்குச் சீன வரி ‘சைனாடவுன்’ என்பதன் மொழிபெயர்ப்பும் அன்று, ஒலிபெயர்ப்பும் அன்று. மாட்டுவண்டியில் தண்ணீர் கொணர்ந்த காலத்தை நினைவூட்டும், சீனர் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ‘நியூ செ ஷுவே’ என்னும் பெயரே அங்கு எழுதப்பட்டுள்ளது. சீன வாசகர் தம் வட்டாரத்தில் இறங்கும்போது தம் பாட்டனார் வழங்கிய பெயரைப் படிக்கிறார். தமிழ் வாசகர் தம் வட்டாரத்தில் இறங்கும்போது வருகையாளருக்கென இடப்பட்ட பெயரைத் தம் எழுத்தில் படிக்கிறார்.

இங்குத் தமிழுக்கு இடம் மறுக்கப்படவில்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் அவ்வரி தமிழரை நோக்கிப் பேசவில்லை. தமிழ் தெரிந்தவருக்கு அது புதிதாக எதையும் தருவதில்லை; தமிழ் தெரியாதவருக்கு அது வளைந்த கோடுகளின் அழகு. வரவேற்பு வளைவில் வரையப்படும் மயிலுக்கும் தாமரைக்கும் உரிய பணியையே அவ்வரியும் செய்கிறது.

இதை மாற்ற முடியாது என்பதும் இல்லை. 1982இல் தேக்காவில் புதிய சந்தைக் கட்டடம் எழுந்தபோது அதற்கு ஹன்யூ பின்யின் முறையில் ‘ஜூஜியாவ்’ நிலையம் என்று பெயரிட்டனர். அது அதே மூங்கிலடியின் மாண்டரின் வடிவம். மக்கள் நாவில் அது ஏறவேயில்லை. காய்கறிக்காரரும் வாடிக்கையாளரும் தேக்கா என்றே சொல்லிவந்தனர். 2000இல் அக்கட்டடத்தின் பெயரே ‘தேக்கா நிலையம்’ என மாற்றப்பட்டது. வழக்குக்கு ஆட்சி இணங்கிய நிகழ்வு இது. சந்தைக்கு நேர்ந்த நன்மை, நாற்பதடி தள்ளி நிற்கும் பெயர்ப்பலகைகளின் தமிழ் வரிக்கும் நேரலாம்.

3. புலன்களின் பட்டியல்

பயணத்துறை உரைநடையில் தேக்கா பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக வருகிறது: கண்ணுக்கு நிறங்கள், மூக்குக்கு மணங்கள், காதுக்கு ஒலிகள். மல்லிகைச் சரம், மஞ்சள், பட்டுச் சேலை, தங்க நகை, திரையிசை ஆகியவை அவற்றுள் அடங்கும். பட்டியலிடுதல் குறையன்று. நம் பழைய நகர இலக்கியமும் பட்டியலால் ஆனதே. வேறுபாடு பட்டியலின் தன்மையில் உள்ளது.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களை அடுக்கும்போது ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறது. கடல்வழி வந்த குதிரை, தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம் என அது நீள்கிறது. காழகம் இன்றைய மலேசியாவின் கடாரம் என்பர் உரையாசிரியர் வழிவந்தோர். பொதிகளுக்குப் புலி முத்திரையிடும் சுங்க அலுவலரும் அங்கு உள்ளனர். வேற்றுமொழி பேசுவோர் கலந்து இனிது உறைவதையும் அப்பாட்டு கூறத் தவறவில்லை. பொருளின் பின்னே வழியும் உழைப்பும் ஆட்சியும் தெரிகின்றன. படிப்பவர் பார்வையாளராக மட்டும் இராமல் ஒரு துறைமுகம் இயங்கும் முறையை அறிந்தவராகிறார்.

சிற்றேட்டுத் தேக்காவில் மல்லிகை மணக்கிறது. அதை விடியற்காலையில் கட்டுபவர் எங்கிருந்து வந்தார், கடை வாடகை எவ்வளவு உயர்ந்தது, அவர் மகன் அத்தொழிலைத் தொடர்வானா என்பன வருவதில்லை. மணம் எழுவாயாகி, மனிதர் அதன் அடையாகிவிடுகின்றனர். இன்னொரு விளைவும் உண்டு. நிறத்தையும் மணத்தையும் ஒலியையும் கொண்டே ஓரிடத்தை விவரிக்கும்போது அங்குச் சிந்தனை நிகழ்ந்ததற்கான தடயம் மறைந்துபோகிறது. 1887இல் சிங்கப்பூரில் ‘சிங்கைநேசன்’ இதழ் வெளிவந்தது. அதே ஆண்டில் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’ அச்சேறியது. 1893இல் ரங்கசாமி தாசனின் ‘அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி’ வெளிவந்தது. அந்நாளைய குதிரைப் பந்தயத் திடல் இன்றைய ஃபேரர் பார்க்கில், தேக்காவின் விளிம்பில் இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை அதன் நினைவு. ஆகவே இவ்வட்டாரத்தை ஒட்டிய காட்சியைத் தமிழில் பாடிய நூல் ஒன்று நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. கழகம் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் தமிழில் எழுதப்பட்டுவந்தது. அலங்கார விளக்குகளுக்கு அடியில் நடக்கும் வருகையாளர் இதை அறிய வழியில்லை.

விழாக்களை விளம்பரப்படுத்தும் முறையும் இவ்வாறே. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் காவடி ஊர்வலம் வருகையாளருக்குரிய நாட்காட்டிகளில் தவறாது இடம்பெறுவது. சமயங்கள்தோறும் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்ட 1968 முதல் அந்நாள் விடுமுறை அன்று. காவடியைக் காண வருபவருக்கு அது சுற்றுலா நாள்; காவடி எடுப்பவருக்கோ அலுவலகத்தில் விடுப்பு எழுதித்தர வேண்டிய நாள். ஒரே விழாவின் இவ்விரு பக்கங்களில் ஒன்று மட்டுமே அழைப்பிதழில் அச்சாகிறது.

4. வழியின் இடரைச் சொல்லுதல்

ஆற்றுப்படையின் நம்பகத்தன்மை அது இடரை மறைக்காததில் உள்ளது. மலைபடுகடாம் நன்னனது நாட்டுக்குச் செல்லும் கூத்தரிடம் பன்றிக்கு வைத்த பொறியையும், குழிகளில் ஒடுங்கும் பாம்பையும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லையும், வழுக்கும் பாசியையும் ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. எவ்விடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மதுரைக்காஞ்சியின் நள்ளிரவில் கள்வரும் உளர், அவரைத் தேடும் காவலரும் உளர். தலைவன் புகழைப் பாட வந்த நூல்களே இவை. எனினும் புகழ் பாடுவதற்கு நகரைத் துடைத்து வைக்க வேண்டும் என்று அப்புலவர்கள் கருதவில்லை.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தமிழகத்திலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரம் பல்லாண்டுகளாகச் சிங்கப்பூர் காணாதது. விசாரணைக் குழு அமைந்தது. 2014இல் அதன் அறிக்கை வெளிவந்தது. 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இவ்வட்டாரத்தை மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களுள் ஒன்றாக வரையறுத்தது. இன்று ஒரே தெருக்களைப் பற்றி அரசு சார்ந்த இரு பனுவல்கள் உள்ளன. ஒன்று வண்ணங்களின் வட்டாரம் என்கிறது. மற்றொன்று கண்காணிக்கப்பட வேண்டிய வட்டாரம் என்கிறது. முதற்பனுவலின் வாசகர் வெளிநாட்டு வருகையாளர். இரண்டாவதன் பொருள் வெளிநாட்டு ஊழியர். இருவரும் விமானத்தில் வந்தவர்களே. ஒருவர் அழைக்கப்பட்டவர், மற்றவர் அமர்த்தப்பட்டவர்.

சுற்றுலாச் சிற்றேடு கலவர வரலாறு எழுத வேண்டும் என்பது இங்குக் கோரிக்கை அன்று. ஞாயிறுதோறும் அவ்வட்டாரத்தை நிறைக்கும் மக்கள் யார், அவர்கள் ஏன் அங்குக் கூடுகின்றனர் என்ற ஒரு பத்தியேனும் இல்லாமல் அவ்விடத்தை விவரித்துவிட முடியும் என்ற நம்பிக்கையே கேள்விக்குரியது. அவர்கள் இல்லாத தேக்கா, பாணனும் கூத்தனும் இல்லாத ஆற்றுப்படை.

5. ஞாயிற்றுக்கிழமையின் ஆற்றுப்படை

ஆற்றுப்படையின் அமைப்பை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். வறுமையோடு செல்லும் ஒருவரை, அவ்வழியே சென்று பயன்பெற்று மீளும் அவரை ஒத்த தொழிலினர் எதிர்ப்பட்டு, தாம் கண்ட வழியையும் பெற்ற பேற்றையும் கூறி அவரையும் ஆற்றுப்படுத்துவார். பேசுவோரும் கேட்போரும் ஒரே நிலையினர். பேசுவோர் தாமே அங்குச் சென்று மீண்டவர். செல்வோர் பெறுநர், ஊரார் தருநர். சிறுபாணாற்றுப்படையில் ஆமூரின் உழவர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு பாணர்க்குத் தருவது அம்முறையில்தான்.

சுற்றுலா விளம்பரம் இம்மூன்றையும் தலைகீழாக்குகிறது. பேசுவது நிறுவனம், கேட்பவர் அதற்கு முகமறியாதவர். அனுபவித்த ஒருவரின் குரல் அங்கு இல்லை. வேண்டுமானால் அமர்த்தப்பட்ட குரல் இருக்கும். செல்வோர் பொருளுடையவர், ஊரார் விற்போர்.

அப்படியாயின் ஆற்றுப்படை மறைந்துவிட்டதா? ஞாயிறு மாலையில் பஃபலோ சாலை ஓரமாகச் சற்று நேரம் நின்றால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். இக்கட்டுரையாளர் அவ்வாறு நின்ற ஒரு மாலையில், அருகிலிருந்த ஊழியர் ஒருவர் கைப்பேசியில் வேறொருவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பேருந்தில் ஏறுவது, எங்கு இறங்குவது, சந்தையின் எந்தப் பக்கம் நிற்பது, பணம் அனுப்பும் கடைகளில் எங்கு வரிசை குறைவு, எந்தக் கடையில் சோறு இரண்டாம் முறை கேட்டாலும் முகஞ்சுளிக்காமல் போடுவார்கள் என்று ஒழுங்குபடச் சொன்னார். முதலாளி கடவுச்சீட்டைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் எச்சரித்தார். இறுதியில், “தேக்கான்னு சொல்லு, யாரும் காட்டுவாங்க” என்றார்.

பெறுநர், அவரை ஒத்த வழிகாட்டி, வழி, இடர், உணவு, பெயர் என ஆற்றுப்படையின் உறுப்புகள் யாவும் அப்பேச்சில் இருந்தன; புரவலன் மட்டும் இல்லை. சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி முதலில் வங்கமொழியினரையும் பின்னர்த் தமிழ் உள்ளிட்ட பிறமொழியினரையும் மேடையேற்றியது. இவ்வாய்மொழிக்கும் எழுத்துக்கும் இடையே பாலம் அமையக்கூடும் என்பதற்கு அது சான்று. தேக்காவைத் தமிழில் இன்று உயிரோடு விவரித்துக்கொண்டிருப்போருள் முதன்மையானோர், அதன் விளம்பரத்தில் இடம்பெறாத இவர்களே.

6. சில மறுப்புகள்

இவ்வாதத்திற்கு மூன்று மறுப்புகள் எழலாம். ஆற்றுப்படையும் விளம்பரமே என்பது முதலாவது. அதில் உண்மை உண்டு. புரவலன் புகழைப் பரப்புவதே அதன் பயன். புலவர் பரிசிலை நோக்கியே பாடினர். ஆற்றுப்படை தூய்மையான இலக்கியம், சுற்றுலா எழுத்து கலப்படம் என்று இக்கட்டுரை கூறவில்லை. பயன் கருதிய எழுத்தும் வழியையும் மனிதரையும் உண்மையாகக் காட்ட இயலும் என்பதற்கே அதை அளவுகோலாகக் கொண்டது. விளம்பரமாக இருப்பது ஒன்றும் மறைப்பதற்கான நியாயம் ஆகாது.

இரண்டாவது, வட்டாரத்தார் தாமே ‘லிட்டில் இந்தியா’ என்னும் பெயரை ஏற்றுக்கொண்டனர் என்பது. கடைக்காரர் சங்கத்தின் பெயரிலும் அது உள்ளது. விழாக்கால ஒளியூட்டில் அச்சங்கம் கழகத்தோடு இணைந்து பணியாற்றுகிறது. தமிழ் ஊடகங்களிலும் இரு பெயர்களும் வழங்குகின்றன. வணிகர் தம் வாடிக்கையாளர் அறிந்த பெயரைக் கொள்வது இயல்பு. ஆங்கில வரியில் அப்பெயர் இருப்பதில் மறுப்பில்லை. தமிழ் வரியில் தமிழர் வழங்கும் பெயர் ஏன் இல்லை என்பதே வினா.

மூன்றாவது, இந்திய மரபுடைமை நிலையம் 2015 மே மாதத்தில் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட பின் இக்குறைகள் நீங்கிவிட்டன என்பது. அந்நிலையம் குடியேற்றம், உழைப்பு, இதழியல் ஆகியவற்றுக்கு இடம் அளித்திருப்பது போற்றத்தக்கது. ஆனால் வரலாறு அருங்காட்சியகத்திற்குள்ளும் நிறம் தெருவிலும் எனப் பங்கிடப்பட்டால், உள்ளே நுழையாத வருகையாளருக்குத் தெரு வரலாறற்றதாகவே எஞ்சும்.

முடிவுரை

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளருள் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுகின்றனர். பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இது குறைவு. வீட்டில் மொழி சுருங்கும்போது, தெருவில் அது எவ்வாறு நிற்கிறது என்பது முன்னிலும் முதன்மை பெறுகிறது. பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கும் சிறுவர், வகுப்பறைக்கு வெளியே தமிழைப் பொருளோடு எதிர்கொள்ளும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் தலையாயது தேக்கா. அங்கும் தமிழ் எழுத்துகள் ஆங்கிலச் சொல்லின் ஒலியைச் சுமக்கும் அலங்காரமாக இருப்பின், தமிழ் படித்தால் கூடுதலாக ஒன்றும் தெரிந்துவிடாது என்ற பாடத்தையே அச்சிறுவர் கற்பர்.

ஆதலால் இக்கட்டுரை மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறது. முதலாவதாக, ரயில் நிலையம் உள்ளிட்ட பொதுப் பலகைகளின் தமிழ் வரியில் ‘தேக்கா’ என்னும் பெயர் இடம்பெற வேண்டும். சைனாடவுன் நிலையத்தின் சீன வரி அதற்கு முன்மாதிரி. இரண்டாவதாக, தெரு விளக்கப் பலகைகளில் சுண்ணாம்புக் கம்பம் போன்ற வழக்குப் பெயர்களும், 1893ஆம் ஆண்டு லாவணி போன்ற தமிழ் நூல்களின் செய்திகளும் இணைக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, இவ்வட்டாரம் பற்றிய ஒரு வழிகாட்டியையேனும் முதலில் தமிழில் எழுதுவித்துப் பிறமொழிகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதை எழுதுவோருள் பூக்கட்டுபவரும் ஞாயிற்றுக்கிழமை ஊழியரும் இருத்தல் வேண்டும்.

மூன்றாம் பரிந்துரை தமிழ்த்துறையினருக்கும் உரியது. ஆற்றுப்படையைத் தேர்வுக்குரிய பாடமாகக் கற்பித்துவரும் நாம், வழிகாட்டும் எழுத்தை இன்றைய ஊருக்குப் பயன்படும் வகையில் எழுதிப் பார்த்ததில்லை. அழைப்பிதழை மட்டும் குறைகூறி அமைவது எளிது. பஃபலோ சாலை ஓரத்தில் கைப்பேசியில் வழி சொன்ன அந்த ஊழியர் அரைமணி நேரத்தில் செய்ததை, நம் ஆய்வரங்குகளும் ஒருமுறை செய்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளன.